எட்டு மைல் வேகம்

(சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் தம்பி போன மாதம் போனில் கூப்பிட்டு, "அண்ணே, நீங்க ஒரு அரை மணி நேரம் பேசணும். சர்வீஸ் அனுபவம் எதையாவது சொல்லுங்க" என்றார். நான் முப்பத்தைந்து வருஷம் பாசனத்தில் வேலை பார்த்தவன். மதகு, ஷட்டர், கலிங்கு, கரை என்று ஆரம்பித்தால் நீங்கள் எல்லோரும் எழுந்து கேண்டீனுக்குப் போய்விடுவீர்கள். அதனால், "நான் இங்கிலாந்தில் சைக்கிள் விட்ட கதையைச் சொல்லட்டுமா தம்பி?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே சரி என்றார். ஆனால் அந்தக் கதையும் கடைசியில் சர்வீஸ் அனுபவத்தில்தான் போய் நிற்கப் போகிறது. தம்பி கேட்டது வீண் போகாது.

2017-ஆம் வருஷம் ஏப்ரலில் கேம்பிரிட்ஜில் இருக்கும் என் மகன் வீட்டுக்குப் போனோம். பேத்தி பிறந்திருந்தாள். உண்மையைச் சொன்னால் கூப்பிட்டது என் மனைவியைத்தான். நான் கூடப் போன பெட்டி மாதிரி. வீட்டில் எல்லோருக்கும் வேலை இருந்தது, எனக்கு மட்டும் இல்லை. குழந்தை தூங்கும்போது இருமக்கூடாது, விழித்திருக்கும்போது டி.வி. போடக்கூடாது. பத்தாவது நாள் வாசலில் போய் நின்றுகொண்டேன்.

பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர். அப்போது அவருக்கு எழுபத்து மூன்று வயது, எனக்கு அறுபத்தாறு. மனைவியை இழந்து தனியாக இருந்தார். வயல்களின் வடிகாலைக் கவனிக்கும் ஒரு வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்தப் பக்கத்தில் இப்படிப்பட்ட வாரியங்கள் நிறைய உண்டு. நான் இர்ரிகேஷன் எஞ்சினியர் என்று சொன்னதும், "நீங்கள் தண்ணீரை உள்ளே கொண்டு வருகிறவர், நான் வெளியே தள்ளுகிறவன்" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். அடுத்த கேள்வி, "சைக்கிள் விடுவீர்களா?"

என்னைப் பார்த்தா இந்தக் கேள்வி! நம் கல்லூரி வாசலுக்கு எதிரே இருந்த வாடகை சைக்கிள் கடையை என் வயசுக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மணிக்கணக்கு வாடகை. நோட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்து, டவுனில் படம் பார்த்துவிட்டு, டபுள்ஸ் அடித்துக்கொண்டு வரும்போது போலீஸ்காரர் விசில் ஊதினால் பின்னால் உட்கார்ந்திருப்பவன் குதித்து ஓட வேண்டும். எங்கள் வகுப்பில் அப்படிக் குதித்து ஓடிய ஒருவர் பின்னாளில் தலைமைப் பொறியாளர் ஆனார். இங்கேதான் இருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன்.

ஆனால் வேலைக்குச் சேர்ந்து ஜீப் கிடைத்த பிறகு நான் சைக்கிளைத் தொடவில்லை. முப்பது வருஷத்துக்கு மேலாயிற்று. அவர் தன் ஷெட்டிலிருந்து இன்னொரு சைக்கிளை எடுத்து, சீட்டை இறக்கி, செயினுக்கு எண்ணெய் விட்டுக் கொடுத்தார். இருபத்தேழு கியர். நான் அந்த ஐந்து மாதமும் மூன்று கியரைத்தான் உபயோகித்தேன். ஏனென்றால் நாங்கள் போன இடத்தில் மேடே கிடையாது.

கேம்பிரிட்ஜுக்கு வடக்கே, ஈலி என்ற ஊரைத் தாண்டிக் கடல் வரைக்கும் உள்ள பூமிக்கு ஃபென்ஸ் என்று பெயர். தட்டு மாதிரி இருக்கும். இங்கிலாந்து என்றால் பச்சைக் குன்று, ஆட்டு மந்தை, சினிமாப் பாட்டு எடுக்கும் ஏரி என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள் இந்தப் பக்கம் வருவதில்லை. "அங்கே என்னப்பா இருக்கு?" என்று என் மகனே கேட்டான். பாதி வானம், பாதி கறுப்பு மண், நடுவில் நூல் பிடித்த மாதிரி ஒரு ரோடு. முதல் நாள் எனக்கும் அப்படித்தான் பட்டது.

பெரியவருக்குச் சில சட்டங்கள் இருந்தன. மணிக்கு எட்டு மைலுக்கு மேல் கூடாது. மெதுவாக வருகிறவரை விட்டுவிட்டு யாரும் முன்னால் போகக்கூடாது. பத்து மைலுக்கு ஒரு தடவை டீ. காற்றைப் பார்க்காமல் கிளம்பக்கூடாது. இந்தக் கடைசிச் சட்டத்தை நான் அலட்சியமாக எடுத்துக்கொண்டேன். சமவெளியில் சைக்கிள் விடுவது சுலபம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மரம் இல்லை, மேடு இல்லை, காற்றைத் தடுக்க ஒன்றுமே இல்லை. எதிர்க்காற்றில் மலை ஏறுகிற மாதிரி மிதிக்க வேண்டும். மலை என்றால் உச்சிக்குப் பிறகு இறக்கமாவது வரும், இதில் அதுவும் கிடையாது. அங்கே பெரும்பாலும் தென்மேற்குக் காற்று. அதனால் காற்று முதுகைத் தள்ள வடக்கே போவது, திரும்பும்போது சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டு வருவது, இதுதான் அவர் கண்ட உபாயம். கூட்ட நேரம் தவிர மற்ற நேரங்களில் ரயிலில் சைக்கிளை ஏற்ற விடுகிறார்கள்.

இந்த மாதிரி நிதானமாகச் சைக்கிளில் ஊர் சுற்றுவது அந்த நாட்டில் பழைய பழக்கம். அதற்கென்றே 1878-ல் ஒரு சங்கம் ஆரம்பித்துவிட்டார்கள். பிறகு அது சைக்கிளிஸ்ட்ஸ் டூரிங் கிளப் என்ற பெயரில் புகழ் பெற்றது. சைக்கிள்காரர்களை வரவேற்கும் விடுதிகளின் சுவரில் இறக்கை முளைத்த சக்கரம் போட்ட தகட்டைப் பதிப்பார்கள். சில பழைய கட்டடங்களில் இன்னும் பார்க்கலாம். பிறகு 1995-ல் லாட்டரி நிதியிலிருந்து 4 கோடிப் பவுனுக்கு மேல் கொடுத்து, நாடு முழுக்கச் சைக்கிளுக்கென்று ஒரு பாதை வலையை விரித்தார்கள். நீலப் பலகையில் சிவப்புக் கட்டம் போட்டு எண் இருக்கும். எங்கள் எண் 11. கையில் சர்வே வரைபடம், ஒன்றுக்கு 50,000 அளவு. மகன் கொடுத்த செல்போனில் எல்லாம் வரும்தான். ஆனால் மேஜையில் விரித்து நாலு கண்ணால் பார்த்து, விரலால் தடவி, "இதுவா, அதுவா" என்று சண்டை போட அதில் வழியில்லையே.

முதல் பெரிய பயணம் ஈலிக்கு. கேம் ஆற்றின் கரையோடு ஊரை விட்டு வெளியேறி, பாட்டிஷம் கிராமம் தாண்டி, விக்கன் ஃபென் வழியாக. இடையில் லோட் என்று சொல்லப்படும் பழைய வாய்க்கால்களைக் கடக்க வேண்டும். ரோமானியர் காலத்தில் வெட்டியவை என்கிறார்கள். அதில் ஒரு பாலத்தில் படியேறி சைக்கிளைத் தூக்க வேண்டியிருந்தது. என் சைக்கிளையும் அவரே தூக்கினார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அந்த வாய்க்காலின் கரையில் நின்றபோதுதான் முதல் தடவையாக எனக்குள் இருந்த எஞ்சினியர் விழித்துக்கொண்டான். வாய்க்காலில் தண்ணீர் நிறையப் போகிறது. கரைக்கு அந்தப் பக்கம் வயல். வயல் எங்கே இருக்கிறது தெரியுமா? தண்ணீர் மட்டத்துக்கு இரண்டு ஆள் உயரம் கீழே! பிறகு ஊஸ் ஆற்றங்கரையில் இதைவிட வேடிக்கை. ரோட்டில் போய்க்கொண்டிருக்கிறோம், நம் தலைக்கு மேலே ஒரு படகு போகிறது. நான் பிரேக் போட்டு இறங்கிவிட்டேன்.

கதை இதுதான். அந்தப் பூமி முழுக்க ஒரு காலத்தில் சதுப்பு. நாணல், விலாங்கு மீன், வாத்து. ஈலி என்ற பெயரே விலாங்கை வைத்து வந்தது என்பார்கள். 1630-களில் பெட்ஃபோர்டு பிரபுவும் அவரோடு சேர்ந்து பணம் போட்டவர்களும் வெர்மைடன் என்ற டச்சு எஞ்சினியரைக் கொண்டு வடிகால் வெட்ட ஆரம்பித்தார்கள். ஆறு வளைந்து வளைந்து போகிறது, நேராக வெட்டினால் தண்ணீர் சீக்கிரம் கடலுக்குப் போய்விடும். 21 மைல் நீளத்துக்கு ஒரே நேர்கோடு. 1651-ல் அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் அரை மைல் அகலத்துக்கு நிலத்தைச் சும்மா விட்டு வைத்தார்கள், வெள்ளம் வந்தால் ஏறி நிற்பதற்கு. இன்றைக்கும் குளிர்காலத்தில் அந்த இடம் ஏரியாகிவிடும். வெல்னி என்ற ஊரில் ரோடே முழுகிப் போகும். ஐஸ்லாந்திலிருந்தும் ருஷ்யாவிலிருந்தும் அன்னங்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும். காகிதமும் கோலும் வைத்துக்கொண்டு அந்தக் காலத்தில் போட்ட கணக்கு அது.

ஆனால் ஒரு விஷயம் அந்தக் கணக்கில் வரவில்லை. அந்த மண் நம் கரிசல் மாதிரி கறுப்பாகத் தெரியும். கையில் எடுத்தால் கனமே இருக்காது. ஆயிரக்கணக்கான வருஷம் தண்ணீருக்கு அடியில் மக்கிய செடி கொடி அது, பீட் என்பார்கள். தண்ணீரை வடித்ததும் பிழிந்த பஞ்சு மாதிரி சுருங்கிவிட்டது. பிறகு காற்றுப் பட்டு மெல்ல மெல்லக் கரைந்து ஆவியாகவே போகிறது. நிலம் தாழ்ந்தது, ஆறு மட்டும் மேலே நின்றுவிட்டது. இனி தண்ணீர் தானாக ஆற்றுக்குப் போகாது, இறைத்துத்தான் ஏற்ற வேண்டும். காற்றாலை வைத்து இறைத்தார்கள். இறைக்க இறைக்க நிலம் இன்னும் தாழ்ந்தது. நீராவி இயந்திரம் வந்தது, பிறகு டீசல், பிறகு மின்சாரம். ஸ்ட்ரெட்டம் என்ற கிராமத்தில் 1831-ல் வைத்த நீராவி இயந்திரம் இன்னும் காட்சிக்கு நிற்கிறது. தண்ணீரை வாரி ஊற்றும் அதன் சக்கரத்தை, நிலம் தாழத் தாழ, இரண்டு தடவை பெரிதாக்கினார்கள். அதைப் பார்த்துவிட்டு அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நம் பாடப் புத்தகத்தில் எந்த அத்தியாயத்தில் இதைப் போட்டிருந்தார்கள்?

இன்னொரு நாள் பீட்டர்பரோ வரை ரயிலில் போய், அங்கிருந்து தெற்கே ஹோம் ஃபென் என்ற இடத்துக்குச் சைக்கிளில் போனோம். விட்டில்சீ மியர் என்ற பெரிய ஏரியை 1851-ல் வற்றடித்த இடம். அந்த வருஷம் லண்டன் பொருட்காட்சியில் எல்லோரும் வாய் பிளந்து பார்த்த ஆப்போல்டு பம்பை வைத்துத்தான் வற்றடித்தார்கள். நிலம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பதற்காக ஓர் இரும்புக் கம்பத்தை, தலை தரை மட்டத்தில் இருக்கும்படி புதைத்தார்கள். இன்று அந்தக் கம்பம் தரைக்கு மேலே 4 மீட்டர் நிற்கிறது. சுற்றிலும் வெள்ளைப் பட்டை பர்ச் மரங்கள், ஆள் நடமாட்டம் இல்லை. கம்பத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். அந்தத் தலை இருந்த உயரத்தில்தான் ஒரு காலத்தில் தரை இருந்தது. அந்த வட்டாரம் கடல் மட்டத்துக்குக் கீழே இரண்டரை மீட்டருக்கு மேல். பிரிட்டனிலேயே தாழ்ந்த பூமி. பெரியவர் சாண்ட்விச்சைப் பிரித்துக்கொண்டே, "மூழ்காமல் சாப்பிடுங்கள்" என்றார்.

ஈலியைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேனே. அங்குள்ள தேவாலயத்தை ஃபென்ஸின் கப்பல் என்பார்கள். கோபுரம் 215 அடி. பல மைலுக்கு முன்னாலேயே தெரிய ஆரம்பித்துவிடும், ஆனால் பக்கத்தில் வரவே வராது. இடது பக்கம் இருக்கும், ரோடு திரும்பினால் வலது பக்கம் போய்விடும். 1322-ல் அதன் நடுக் கோபுரம் இடிந்து விழுந்தது. அந்த இடத்தில் எட்டு முகமாக, பெரிய ஓக் மரத்தூண்களை நிறுத்தி, மேலே விளக்குக் கூண்டு மாதிரி ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். சிவில் மாணவர்கள் யாராவது லண்டன் போனால் ஒரு நாள் ஒதுக்கி அதன் அடியில் போய் நின்றுவிட்டு வாருங்கள். நான் கழுத்து வலிக்கிற வரைக்கும் நின்றேன்.

வழியில் சாப்பாட்டுக்குக் குறையில்லை. பண்ணை வாசல்களில் ஒரு மேஜை போட்டு முட்டை, பிளம்ஸ், பூசணி வைத்திருப்பார்கள். ஆள் இருக்காது. பக்கத்தில் ஒரு டப்பா. காசைப் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டியது. நான் முதலில் சுற்றும் முற்றும் பார்த்தேன், பழக்க தோஷம். ஆனால் பஞ்சர் கடை மட்டும் கிடையாது. நம் ஊர் மாதிரி புளிய மரத்தடியில் ஒரு தொட்டித் தண்ணீரும் பம்பும் வைத்துக்கொண்டு யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். நாமே டயரைக் கழற்றி, நாமே ஒட்டிக்கொள்ள வேண்டும். அறுபத்தாறு வயதில் அதையும் கற்றுக்கொண்டேன்.

இனி சொல்லப் போவதற்காகத்தான் இங்கே வந்தேன்.

ஆகஸ்டு மாதம். ஈலியிலிருந்து கிங்ஸ் லின் வரை இரண்டு நாள் பயணம். பையில் ஒரு மாற்று உடை, பிளாஸ்கில் டீ, என் மனைவி கட்டிக் கொடுத்த எலுமிச்சை சாதம். லிட்டில்போர்ட் தாண்டி ஊஸ் ஆற்றின் கரையை ஒட்டியே ரோடு போகிறது. டென் மைல் பேங்க் என்று ஒரு கிராமம். பெயரே பத்து மைல் கரை. ஒரு பக்கம் கரை, மறு பக்கம் உருளைக்கிழங்கு வயல். பேசிக்கொண்டே போகிறோம். திடீரென்று பெரியவர் பேச்சை நிறுத்திவிட்டுச் சைக்கிளைச் சாய்த்து வைத்தார். கரையின் அடிவாரத்தில் ஒரு பாய் விரிக்கிற அளவுக்குப் புல் மட்டும் அதிகப் பச்சையாக இருந்தது. எனக்குத் தெரியவே இல்லை, அவர்தான் காட்டினார். முட்டி போட்டு உட்கார்ந்து புல்லை விலக்கினார். கசிவு. விரலை வைத்து எடுத்து, வெளிச்சத்தில் பார்த்தார்.

"தெளிவாக இருக்கிறது. பயமில்லை" என்றார். "கலங்கலாக வந்தால் கரை உள்ளுக்குள் கரைகிறது என்று அர்த்தம். அப்போது ஓட வேண்டும்."

உடனே பாக்கெட்டிலிருந்து நோட்டை எடுத்து இடத்தைக் குறித்துக்கொண்டார். ஓய்வு பெற்று எட்டு வருஷம் ஆன மனிதர். இதற்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை. அகழெலி தோண்டிய பொந்து இருந்தாலும் குறிப்பார், கரையில் மாடு இறங்கிய தடம் இருந்தாலும் குறிப்பார். அன்றைக்குத்தான் சொன்னார், 1953 ஜனவரி 31 இரவு, கடல் பொங்கி உள்ளே வந்தபோது அவருக்கு வயது எட்டு. கிங்ஸ் லின்னுக்குப் பக்கத்தில் வீடு. அம்மா மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார். காலையில் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது தெரு இல்லை. இங்கிலாந்தில் மட்டும் அந்த வெள்ளத்தில் 307 பேர் செத்துப்போனார்கள். "கரை ஒரே இரவில் உடைவதில்லை, எஞ்சினியர். அதற்கு முன்னால் பல நாள் சொல்லிக்கொண்டிருக்கும். அது பேசுவது காரில் போகிறவருக்குக் கேட்காது" என்றார்.

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். என்னால் அதற்கு மேல் சைக்கிளை மிதிக்க முடியவில்லை. காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிக் கரையில் உட்கார்ந்துவிட்டேன்.

1980-களின் நடுவில் ஓர் ஐப்பசி. எந்த ஊர், எந்த ஆறு என்று கேட்காதீர்கள். என் பொறுப்பில் இருந்த கால்வாய் ஒன்றில் ஒரு லஸ்கர். இளைஞர்களுக்குத் தெரியாது, லஸ்கர் என்றால் கால்வாய்க் கரையைக் காவல் பார்க்கிற கடைநிலை ஊழியர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். தினமும் காலையில் மண்வெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு கரை மேலேயே சைக்கிளில் போவார், வருவார். ஒரு நாள் என் ஜீப்பை நிறுத்தி, "ஐயா, மூணாவது மைலு பக்கம் ஊத்து கலங்கலா வருதுங்க. நண்டு வளையா இருக்கும்னு தோணுது. ஒரு தடவ இறங்கிப் பாத்துட்டீங்கன்னா..." என்றார். எனக்கு அன்று மேலதிகாரி கூட்டம். "சரிய்யா, பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனேன். அந்த மூன்றாவது மைலை அந்த வாரம் நான்கு தடவை ஜீப்பில் கடந்தேன். இறங்கவில்லை. நான்காம் நாள் இரவு அடை மழையில் கரை உடைந்தது. இருநூறு ஏக்கர் சம்பா நடவு போயிற்று. உயிர்ச்சேதம் இல்லை, அந்த மட்டும் தப்பித்தேன்.

அறிக்கை கேட்டார்கள். 'கசிவு குறித்துச் சம்பந்தப்பட்ட லஸ்கர் உரிய காலத்தில் தெரிவிக்கத் தவறிவிட்டார்' என்று எழுதினேன். என் கையெழுத்து. அவர் வாயால் சொன்னதற்கு எழுத்தில் ஆதாரம் ஏது? அவருக்கு இரண்டு இன்கிரிமென்ட் நிறுத்தினார்கள். மறுநாள் கரையில் என்னைப் பார்த்தபோது சைக்கிளிலிருந்து இறங்கி, வழக்கம் போல வணக்கம் வைத்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அடுத்த இரண்டாம் வருஷம் பதவி உயர்வு வந்தது. முப்பது வருஷமாக இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. டென் மைல் பேங்கில், ஊர் பேர் தெரியாத ஒரு வெள்ளைக்காரக் கிழவரிடம் உடைந்த இங்கிலீஷில் சொன்னேன்.

அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றிக் கொடுத்தார். குடித்து முடித்ததும், "அந்த மனிதர் இருக்கிறாரா?" என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். "தெரிந்துகொள்ளுங்கள்" என்றார். பிறகு டென்வர் வரை இருவரும் பேசவில்லை.

டென்வரில் வெர்மைடன் 1651-ல் கட்டிய மதகு 1713-ல் உடைந்தது. மறுபடி கட்டி, அதையும் 1834-ல் ஜான் ரென்னி மாற்றிக் கட்டினார். அதுதான் இன்றும் நிற்கிறது. ஒரு பக்கம் நல்ல தண்ணீர், மறு பக்கம் கடல் ஏறி இறங்குகிற உப்புத் தண்ணீர். வேறொரு நாளாயிருந்தால் அரை நாள் அங்கேயே நின்றிருப்பேன். மறுநாள் செயின்ட் ஜெர்மன்ஸ் என்ற ஊரில், 2010 வாக்கில் கட்டி முடித்த பம்ப் நிலையத்தையும் பார்த்தோம். வினாடிக்கு 100 கன மீட்டர். நம் கணக்கில் ஏறக்குறைய 3,500 கன அடி! ஒரு நடுத்தர ஆறு முழுவதையும் தூக்கிக் கொட்டுகிற மாதிரி. பம்ப் நின்றால் அந்தப் பூமி மறுபடி சதுப்புதான். மதியம் கிங்ஸ் லின். சைக்கிளை ரயிலில் ஏற்றினோம். இரண்டு நாள் மிதித்த தூரத்தை அது அரை மணியில் கடந்துவிட்டது. ஜன்னலில் டென் மைல் பேங்கைத் தேடினேன், எது என்று தெரியவில்லை.

அக்டோபரில் ஊர் திரும்பினேன். விசாரித்ததில், லஸ்கர் 2009-லேயே காலமாகிவிட்டார். வீட்டம்மா இருந்தார், எண்பது வயசு. திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும், "அவரு உங்களப் பத்தி ஒண்ணும் சொன்னதில்லீங்க. பெரிய பொண்ணு கல்யாணத்துக்குக் கடன் வாங்குறப்ப மட்டும், அந்த ரெண்டு இன்கிரிமென்ட் இருந்திருந்தா தேவலன்னாரு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "வெயில்ல வந்திருக்கீங்க, மோரு குடிக்கிறீங்களா?" என்று கேட்டு எழுந்தார். பணம் கொடுக்கப் பார்த்தேன், வாங்கவில்லை. கூடத்துச் சுவரில் மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் அவர் சைக்கிள் பம்ப் தொங்கியது.

மறுவாரம் நானும் ஒரு சைக்கிள் வாங்கினேன். கியர் கிடையாது. செவ்வாயும் சனியும் காலை ஆறு மணிக்கு எங்கள் ஊர்க் கால்வாய்க் கரையில் எட்டு மைல். பையில் ஒரு நோட்டு. பார்த்ததை எழுதி, தேதி போட்டு, இப்போது அங்கே பொறுப்பில் இருக்கிற எஞ்சினியர் தம்பியிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்வேன். முதலில் கிழவர் தொல்லை என்றுதான் நினைத்திருப்பார். போன வருஷத்திலிருந்து மாதம் ஒரு நாள் அவரும் சைக்கிளில் வருகிறார். என் வயசுக்காரர்கள் யாராவது வருவதானால் வரலாம். சட்டம் பழைய சட்டம்தான், யாரும் முன்னால் போகக்கூடாது.

பெரியவருக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று சக்கர சைக்கிள் வாங்கியிருக்கிறார். போன டிசம்பரில் ஒரு கார்டு வந்தது. வெல்னி ரோட்டில் தண்ணீர் ஏறிவிட்டதாம், அன்னங்கள் வந்துவிட்டனவாம். அடியில் ஒரு வரி: "உங்கள் மூன்றாவது மைல் எப்படி இருக்கிறது?"

அந்த மூன்றாவது மைல் இருக்கிற ஊர் எனக்கு இங்கிருந்து நூறு கிலோமீட்டர். நாளைக் காலை பஸ்ஸில் போகிறேன். அங்கே வாடகைச் சைக்கிள் கிடைக்குமா என்று யாராவது சொன்னால் நல்லது.